எரியாத இறக்கை விளக்கு, சரியாக மின்னாத வெட்டு விளக்கு: மாதிரி ஏ320-க்கு ஒரு கோளாறு வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் செம்பனைக்கும் கித்தாவுக்கும் வேண்டிய சாமான் எது கேட்டாலும் கிடைக்கும். அரிசி மணி அளவு எல்இடி கேட்டால் ஈப்போவுக்குப் போகவேண்டும், இல்லையென்றால் இணையத்தில் வாங்கிவிட்டுத் தபால்காரருக்குக் காத்திருக்கவேண்டும். அதனால்தான் இங்கே விளக்கு வைத்த மாதிரி விமானம் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: கோளாறு எங்கே என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்காமல் ஒட்டிய உடம்பைப் பிளக்காதீர்கள். பெரும்பாலும் எல்இடி நன்றாகத்தான் இருக்கும். தப்பு இணைப்பிலோ, கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரிலோ, பேட்டரியிலோ இருக்கும். பேட்டரியிலிருந்து தொடங்கி இறக்கை நுனியை நோக்கிப் போங்கள், கத்தி கடைசியில்.

நான் மனதில் வைத்திருப்பது 1/144 அளவு ஏர்பஸ் ஏ320. உண்மை விமானத்தின் நீளம் 37.57 மீட்டர் என்பதால் மாதிரி 26 சென்டிமீட்டர் வரும். மாதிரி தயாரிக்கும் ரெவெல், ஸ்வெஸ்டா நிறுவனங்கள் இரண்டிலுமே இந்த அளவில் ஏ320 உண்டு. 737 செய்தாலும், போர் விமானம் செய்தாலும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

கையில் இருக்கவேண்டியவை: வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர், மலிவானதே போதும். ஒரு சிஆர்2032 நாணய பேட்டரி, அதில் இரண்டு மெல்லிய கம்பி. எந்த எல்இடியையும் ஒரு நொடி தொட்டுப் பார்த்து உயிர் இருக்கிறதா என்று அறிய இது போதும். அந்த பேட்டரியால் அதிக கரண்டு தரமுடியாது, ஆகவே சட்டென்று எரித்துவிடாது.

எதுவுமே எரியவில்லை

பேட்டரியை விளக்குகளோடு இணைத்த நிலையிலேயே அளந்து பாருங்கள். தனியாகக் கழற்றி அளந்தால் களைத்துப்போன 9 வோல்ட் பேட்டரிகூட எட்டரை காட்டும். சுமை கொடுத்ததும் ஆறுக்கு விழும். விழாமல் நின்றால், அடுத்து சுவிச்சின் இரண்டு காலிலும் வோல்ட் வருகிறதா, அடுத்து ஸ்டாண்டின் மேல் முனையில் வருகிறதா என்று படிப்படியாகப் போங்கள். எந்த இடத்தில் வோல்ட் காணாமல் போகிறதோ அதற்கு முன்னால்தான் கோளாறு.

நம் ஊர் ஈரத்தில் பேட்டரி கிளிப் பச்சை பூத்துவிடும். மேலே பளபளவென்று இருந்தாலும் உள்பக்கம் பாருங்கள். ஈயம் பிடிப்பதற்குத் தடவும் பிளக்ஸில், தண்ணீர்க் குழாய் பற்றவைக்கும் வகையைப் போட்டு ஈயம் வைத்திருந்தாலும் இதே கதி. அது அமிலம், மெல்லிய கம்பியை மெதுவாகத் தின்றுவிடும். மின்னணு வேலைக்கென்று விற்கும் ரோசின் பிளக்ஸ் மட்டும் பயன்படுத்துங்கள்.

பேட்டரி சூடாகிறதா? உடனே கழற்றுங்கள். எங்கோ ஷார்ட். வெளிச்சம் கசியாமல் இருக்க உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். “தாள் ஒட்டுறதுக்கு முன்னாடி நல்லா எரிஞ்சது” என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம். ஈயம் வைத்த இடங்கள்மேல் நகச்சாயம் ஒரு பூச்சு பூசி, காய்ந்த பிறகு தாளை ஒட்டியிருக்கவேண்டும்.

சிவப்பு எரிகிறது, பச்சையும் வெள்ளையும் எரியவில்லை

என்னிடம் அதிகமாக வரும் கோளாறு இதுதான். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு முந்தின வாரம் இரண்டாம் படிவம் படிக்கிற ஒரு பையன் ஷூ பெட்டியில் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“மாமா, சிவப்பு மட்டும் எரியுது. பச்சையும் வெள்ளையும் செத்துப்போச்சு.”

“செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா? சிவப்போட ஒரு காலை மட்டும் எடுத்து விடுப்பா.”

நல்லவேளை, உடம்பை இன்னும் ஒட்டவில்லை. சிவப்புக் கம்பியை முள்வாங்கியால் தூக்கினான். அந்த நொடியே பச்சையும் வாலில் இருந்த வெள்ளையும் எரிந்தன. மறுபடி தொட்டான், இரண்டும் அணைந்தன. தூக்கித் தூக்கி வைத்து விளையாட ஆரம்பித்துவிட்டான்.

காரணம் இது. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டில் எரியத் தொடங்கிவிடும். வெள்ளைக்கும் நல்ல பச்சைக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றையும் ஒன்றுசேர்த்து ஒரே ரெசிஸ்டரில் தொங்கவிட்டால், சிவப்பு இரண்டு வோல்ட்டில் எல்லா கரண்டையும் குடித்துவிடும். அதற்குமேல் வோல்ட் ஏற அது விடாது. மற்ற இரண்டுக்கும் 3 வோல்ட் கிடைக்கவே கிடைக்காது.

சரிசெய்ய ஒரே வழி, ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். கணக்கு சுலபம்: வரும் வோல்ட்டிலிருந்து எல்இடியின் வோல்ட்டைக் கழித்து, வேண்டிய கரண்டால் வகுக்கவேண்டும். 9 வோல்ட் பேட்டரி, 5 மில்லிஆம்ப் என்றால் வெள்ளைக்கும் பச்சைக்கும் 6-ஐ 0.005-ஆல் வகுத்து 1200 ஓம். சிவப்புக்கு 1400 வரும், கடையில் கிடைக்கும் 1500 போடுங்கள். 5 வோல்ட் யூஎஸ்பியில் ஓட்டினால் வெள்ளைக்கும் பச்சைக்கும் 390 அல்லது 470, சிவப்புக்கு 680.

ரெசிஸ்டர்களை விமானத்துக்குள் வைக்காமல் ஸ்டாண்டின் அடிப்பலகையில் வையுங்கள். கம்பி ஒன்றிரண்டு கூடும்தான். ஆனால் பிறகு வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உடம்பைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள், உள்ளேயே மூன்றும் சேர்ந்துவிட்டன என்றால், வயிற்றில் சக்கரம் மடங்கும் குழியின் மூடியைத் திறந்து அங்கிருந்து கம்பிகளைப் பிரிக்கமுடிகிறதா பாருங்கள். உடம்பின் இரண்டு பாதியும் சேரும் முதுகுத் தையலைப் பிளப்பதைவிட அங்கே பட்ட காயத்தை மறைப்பது எளிது.

இதன் தம்பி ஒன்று உண்டு: பயணிகள் கூடத்துக்கு மூன்று வெள்ளை எல்இடியை வரிசையாகக் கோத்திருப்பார்கள், புது பேட்டரியில் எரியும், அடுத்த நாள் மங்கிவிடும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சீரியல் பல்பு கட்டி வளர்ந்த கைக்கு வரிசையாகக் கோப்பதுதான் இயல்பாக வரும். ஆனால் மூன்று வெள்ளைக்கே 9 வோல்ட் போய்விடுகிறது, பேட்டரி சற்று இறங்கினாலும் ஒன்றும் மிஞ்சாது. இரண்டிரண்டாகக் கோத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் 680 ஓம் போட்டால் நிதானமாக எரியும்.

ஒரு பக்க இறக்கை மட்டும் எரியவில்லை, அல்லது தட்டினால் எரிகிறது

நாணய பேட்டரியை நேராக அந்த இறக்கையின் கம்பி முனைகளில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் இறக்கைக்கு வெளியில் கோளாறு. எரியவில்லை என்றால் கம்பிகளைத் திருப்பி வைத்துப் பாருங்கள். எல்இடி தலைகீழாக மாட்டியிருக்கலாம். சின்ன எல்இடிகளின் பின்னால் இருக்கும் பச்சைப் புள்ளி பெரும்பாலும் நெகட்டிவைக் காட்டும், ஆனால் எல்லாத் தயாரிப்பிலும் அப்படி இல்லை. மல்டிமீட்டரின் டயோடு அளவையில் வைத்துத் தொட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டு வழியிலும் எரியாவிட்டால், முதலில் ஈயம் வைத்த இடம், இரண்டாவது இறக்கை உடம்போடு சேரும் மடிப்பு.

ஈயம் வைத்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பி பார்க்கச் செம்பு நிறத்தில் வெறுங்கம்பி போலவே இருக்கும். அதன்மேல் காப்புப் பூச்சு இருக்கிறது. பூச்சு போகாமல் ஈயம் வைத்தால் ஈயம் கம்பியைச் சுற்றி உருண்டையாக உட்காரும், பிடித்து இழுத்தால் வராது, ஆனால் கரண்டு போகாது. பூதக்கண்ணாடியில் பாருங்கள்: நல்ல இணைப்பில் ஈயம் கம்பியோடு வழிந்து மெலிந்து முடியும், கெட்ட இணைப்பில் கம்பி ஈயத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு விளிம்பு தெரியும். சால்டரிங் அயர்னை 380 டிகிரிக்கு மேல் வைத்து, நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை நிறுத்தி, கம்பி முனையை அதற்குள் இரண்டு மூன்று நொடி வைத்திருந்தால் பூச்சு புகைந்து போகும், முனை வெள்ளிப்பூச்சாக வெளியே வரும். புகையை முகர வேண்டாம், சன்னல் பக்கம் உட்காருங்கள். சிலவகைக் கம்பியில் பூச்சு இந்தச் சூட்டுக்கும் மசியாது. கத்தி முனையால் சுற்றிலும் சுரண்டிவிட்டு வையுங்கள்.

இந்த வேலையெல்லாம் இறக்கைக்கு வெளியே நடக்கவேண்டும். மாதிரிகளின் பிளாஸ்டிக் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். 380 டிகிரி நுனி பக்கத்தில் வந்தாலே இறக்கை வளைந்துபோகும்.

மடிப்பில் அறுந்திருந்தால், கம்பி ஓடும் பள்ளத்தில் பசை ஊற்றியிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. ஊற்றாமல் விட்டிருந்தால், பழைய கம்பியின் முனையில் புதுக் கம்பியைக் கட்டி மறுமுனையை இழுத்து மாற்றிவிடலாம். ஊற்றியிருந்தால் இறக்கையின் அடிப்பக்கத்தைக் கீறித்தான் ஆகவேண்டும். கம்பியை இரண்டு இடத்தில் ஒரு பொட்டு வெள்ளைப் பசையால் பிடித்தால் போதும். மடிப்பில் கொஞ்சம் தளர்வாகவும் விடுங்கள்.

விளக்கு எரியவேண்டிய இடத்தில் இல்லாமல் இறக்கை முழுக்க ஒளிர்கிறது

வெள்ளை பிளாஸ்டிக் ஒளியை நன்றாகவே கடத்தும். நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியவேண்டிய இடத்தில் இறக்கையே காகிதக் கூண்டு விளக்கு மாதிரி நிற்கும். ஒட்டுவதற்கு முன்னால் உட்புறம் முழுக்கக் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளி நிறம் அடிக்கவேண்டும். கறுப்பு ஒளியை அடைக்கும், வெள்ளி அதை வேண்டிய பக்கம் திருப்பும். எல்இடியின் முதுகுக்கும் ஒரு கறுப்புப் பொட்டு வையுங்கள்.

ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதென்றால் வெளியில் கறுப்பு அடித்து, பிறகு சாம்பல் நிற அடிப்பூச்சு (ப்ரைமர்), பிறகு மேல்நிறம். வெள்ளை அல்லது சிவப்பு விமானமானால் மேல்நிறம் மூடுவதற்குள் பொறுமை போய்விடும். ப்ரைமரைத் தவிர்க்க வேண்டாம். இருட்டு அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டே ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு பாருங்கள். முதுகுத் தையலில் ஊசி முனை அளவுக்கு ஒளி தெரிந்தால் அங்கே புட்டி போதவில்லை என்று அர்த்தம். இந்த வகையில் விளக்கு வைத்த மாதிரி நல்ல சோதனைக்காரன், வெறும் கண்ணுக்குத் தெரியாத தையல் இடைவெளியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டு விளக்கு சரியாக வெட்டவில்லை

வெட்டு விளக்கு என்றால் விட்டுவிட்டுப் பளிச்சென்று மின்னும் விளக்கு. முதலில் அது எப்படி வெட்டவேண்டும் என்பது. இரண்டு இறக்கை நுனியிலும் வாலிலும் வெள்ளை, முதுகிலும் வயிற்றிலும் சிவப்பு. மோதல் தடுப்பு விளக்குகள் நிமிடத்துக்கு 40-க்குக் குறையாமல் 100-க்கு மேற்படாமல் வெட்டவேண்டும் என்பது பெரிய விமானங்களுக்கான விதி. ஏ320-இன் வெள்ளை விளக்கு ‘டப்-டப்’ என்று இரட்டையாக வெட்டும். ஒற்றையாக வெட்டுகிற ஏ320-ஐ விமானப் பைத்தியங்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துச் சிரிப்பார்கள்.

பெரும்பாலானவர்கள் விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் 555 என்ற எட்டுக்கால் சில்லில்தான் தொடங்குகிறார்கள். அதில் வரும் கோளாறுகள்:

வெட்டு நீளமாக இருக்கிறது, சோம்பேறித்தனமாக எரிந்து அணைகிறது. 555-இன் வழக்கமான இணைப்பில் எரியும் நேரம் அணையும் நேரத்தைவிட எப்போதும் அதிகம். எல்இடியை வெளியீடான மூன்றாம் காலுக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் வைக்காமல், பாசிட்டிவுக்கும் மூன்றாம் காலுக்கும் நடுவில் வையுங்கள். இப்போது சில்லின் வெளியீடு கீழே இறங்கும் குறுகிய நேரத்தில் மட்டும் விளக்கு எரியும். அந்த இணைப்பின் இரண்டு ரெசிஸ்டருக்கு 120 கிலோஓம், 10 கிலோஓம், கூடவே 10 மைக்ரோஃபாரட் கண்டன்சர் போட்டால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு முறை, நொடியில் பதினான்கில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெட்டும்.

5 வோல்ட்டில் வெட்டு மங்கலாக இருக்கிறது. இதற்கும் அதே மருந்து. சாதாரண 555-க்கு 5 வோல்ட் கொடுத்தால் வெளியீடு மேலே போகும்போது மூன்றேகால் வோல்ட் போலத்தான் கிடைக்கும், வெள்ளைக்கு அது கால்வயிறு. பாசிட்டிவிலிருந்து இறக்கினால் முழுசாகக் கிடைக்கும். ஒவ்வொரு வெள்ளைக்கும் 180 ஓம் போட்டுப் பாருங்கள்.

புது பேட்டரியில் வெட்டுகிறது, பிறகு நின்றுவிடுகிறது, அல்லது 3 வோல்ட்டில் ஓடவே இல்லை. சாதாரண 555-க்கு நாலரை வோல்ட்டாவது வேண்டும். குறைந்த வோல்ட்டுக்கு 7555 வகையைக் கேட்டு வாங்குங்கள், கால்கள் அதே வரிசை.

கை பக்கத்தில் போனால் தாளம் மாறுகிறது. நான்காம் காலைத் தொங்கவிட்டிருப்பீர்கள். பாசிட்டிவோடு சேருங்கள்.

வேகம் கணக்குக்கு ஒத்துவரவில்லை. மின்பகு கண்டன்சர்கள் இருபது சதவீதம்வரை முன்பின் இருக்கும்; ரெசிஸ்டரை மாற்றிச் சரிக்கட்டுங்கள். ஆனால் கணக்குக்கு எட்டவே எட்டாமல் இருந்தால், கண்டன்சரைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களா பாருங்கள்.

இரட்டை வெட்டுக்கு ஒரு 555 போதாது. இரண்டை மூன்றைக் கோத்துக் கஷ்டப்படுவதைவிட, ஏடிடைனி85 என்ற எட்டுக்கால் சில்லில் நாலு வரி நிரல் எழுதிப் போடுவது மேல். ஒரு காலில் 20 மில்லிஆம்புக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொண்டால் சரி.

வெள்ளை வெட்டும்போதெல்லாம் மற்ற விளக்குகளும் சேர்ந்து துடிக்கின்றன

வெட்டும் நொடியில் பேட்டரியின் வோல்ட் சரிகிறது. நாணய பேட்டரியில் விமானம் முழுவதையும் ஓட்டினால் இது கட்டாயம் வரும். சில்லின் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றும் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் வையுங்கள். அப்படியும் துடித்தால், எல்லா விளக்குக்கும் ஒரே மெல்லிய நெகட்டிவ் கம்பியை விட்டிருக்கிறீர்களா பாருங்கள். வெட்டு விளக்குக்கு மட்டும் தனி நெகட்டிவ் கம்பியைப் பேட்டரிவரை கொண்டுபோங்கள்.

கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிட்டது

சூப்பர் குளூ வேலை. அதன் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் உள்ள கண்ணாடிமேல் வெள்ளையாகப் படியும். சாயங்கால மழைக்குப் பிறகு மூடிய அறையில் ஒட்டினால் இன்னும் மோசம். விமானி சன்னலுக்கும் விளக்குக் கண்ணாடிக்கும் வெள்ளைப் பசை அல்லது புற ஊதா ஒளியில் இறுகும் பசைதான். பூத்துவிட்டதன்மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு தடவினால் பெரும்பகுதி மறையும்.

ஒளியிழை போட்டு வெளிச்சத்தைக் கடத்துகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். பிளாஸ்டிக் ஒளியிழைமேல் சூப்பர் குளூ பட்டால் அந்த இடத்தில் நொறுங்கும். நேற்று எரிந்த நுனி இன்று இருட்டாகியிருந்தால் அங்கே தடவிப் பாருங்கள்.

பக்கம் மாறிவிட்டது, நிறம் சரியில்லை

இடது சிவப்பு, வலது பச்சை. இடது என்றால் முன்னே பார்த்து உட்கார்ந்திருக்கும் விமானிக்கு இடது. விமானத்தை மூக்குப் பக்கம் நம்மைப் பார்க்க வைத்துக்கொண்டு வேலை செய்தால் மாறிப்போகும். கம்பிகள் அடிப்பலகைவரை தனித்தனியாக வந்திருந்தாலும் இதை அங்கே சரிசெய்யமுடியாது, எல்இடியையே மாற்றவேண்டும். ஒட்டுமுன் பாருங்கள்.

மஞ்சள் கலந்த பச்சை எல்இடி விமானத்துக்குப் பொருந்தாது. 520 நானோமீட்டர் அளவில் இருக்கும், சற்று நீலம் தட்டும் பச்சையைக் கேளுங்கள்.

ரொம்பக் கண்ணைக் கூசுகிறது

இது கோளாறு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கோளாறு. 26 சென்டிமீட்டர் விமானத்தில் இறக்கை நுனி டார்ச் லைட்டாக இருந்தால் மற்ற வேலைப்பாடு ஒன்றும் கண்ணில் படாது. 5 மில்லிஆம்ப் என்பது மேல் எல்லை. பக்கவிளக்குகளுக்கு 1 மில்லிஆம்பே போதும், அதாவது 5 வோல்ட்டில் வெள்ளைக்கு 2.2 கிலோஓம், சிவப்புக்கு 3.3 கிலோஓம். வெட்டு விளக்கும் இறங்கு விளக்கும் மட்டும் பிரகாசமாக இருக்கட்டும்.

நன்றாக எரிந்துகொண்டிருந்து தானாக அணைந்துவிடுகிறது

பவர் பேங்கில் மாட்டியிருக்கிறீர்களா? அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து எல்லாம் ஒன்றாக அணைந்து, பொத்தானை அழுத்தினால் மறுபடி எரிகிறதா? விமானத்தில் ஒரு குறையும் இல்லை. இழுக்கும் கரண்டு மிகக் குறைவாக இருந்தால், போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். நம் விமானம் முழுக்க எரிந்தாலும் ஐம்பது மில்லிஆம்ப் தாண்டாது. வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னேன், அதனால் இன்னும் குறையும்.

47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டில் குறுக்கே போட்டால் நூறு மில்லிஆம்ப் கூடுதலாக இழுத்து பவர் பேங்க்கைத் தூங்கவிடாது. அரை வாட்டுக்குமேல் சூடாகும், எனவே ஒரு வாட் ரெசிஸ்டரை வாங்கி, பிளாஸ்டிக்கில் படாமல் அடிப்பலகைக்கு வெளியே வையுங்கள். குறைந்த கரண்டுக்கென்று தனி நிலை உள்ள பவர் பேங்க் இருந்தால் அது இன்னும் நல்லது. கண்காட்சிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் போன் சார்ஜரே சிறந்தது. பள்ளி மண்டபத்தில் பிளக் எப்போதும் மேடை ஓரத்தில்தான் இருக்கும், நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.